பேராசிரியர் அம்பேத்கரின் 16 மாதங்கள்

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தை வகுத்தவராக அறிவோம். ஊர் முனையில் நிற்கும் சிலையின் கையில் உள்ள புத்தகமும் அதைத்தான் நினைவூட்டுகிறது. ஆனால் அவர் வழக்கறிஞர் அங்கி அணிவதற்கு முன்பே பொருளாதாரம் படித்தவர். படித்ததோடு நிற்காமல், கல்லூரி வகுப்பறையில் நின்று அதை மாணவர்களுக்குக் கற்பித்தவர். 1918 நவம்பர் முதல் 1920 மார்ச் வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அவர் பேராசிரியராக இருந்த 16 மாதங்களைப் பற்றி நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இந்த வாரம் அதைச் சொல்கிறோம்.

சொல்வதற்குக் காரணம் உண்டு. கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் பி.ஏ. பொருளாதாரம் எடுக்கிறார்கள். கேட்ட பாடம் கிடைக்கவில்லை, அதனால் இதில் சேர்ந்தேன் என்று தயக்கத்தோடு சொல்வோரும் உண்டு. அந்தத் தயக்கம் வேண்டாம். பாபாசாகேப் கையில் எடுத்த முதல் ஆயுதமே அந்தப் பாடம்தான்.

பொருளாதாரத்தைத் தேடிப் போனவர்

1891 ஏப்ரல் 14-ல் மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் பீமாராவ். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார்; படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பள்ளியில் பீமாராவ் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். தாகம் எடுத்தால் தானே குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பையன் 1907-ல் மெட்ரிக் தேறினான். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை தந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-ல் பி.ஏ. முடிந்தது. அடுத்த ஆண்டு அதே மன்னரின் உதவியில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்து முடித்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கொலம்பியாவில் அவர் வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் என்று பலவற்றைப் படித்தார். இருந்தாலும் அதிகம் எடுத்தது பொருளாதாரம்தான்; அதில் மட்டும் 29 பாடங்கள். வரியும் அரசு நிதியும் பற்றி அந்நாளில் பேர்பெற்ற எட்வின் செலிக்மன் அவருடைய ஆசிரியர். 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-ல் சாதியின் தோற்றம் பற்றிய தம் கட்டுரையை மானுடவியல் வகுப்பில் வாசித்தார். டாக்டர் பட்டத்துக்காக இந்திய அரசு நிதி பற்றிய ஆய்வை எழுதினார்.

1916-ல் லண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டு முடிவதற்குள் பரோடாவின் உதவித்தொகை நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு 1917-ல் ஊர் திரும்பினார். தனியாகக் கப்பலில் ஏற்றிவிட்ட புத்தகங்கள் வந்து சேரவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. அரை வயிறாக இருந்து பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கிய புத்தகங்கள் அவை.

படிப்புக்கு மதிப்பில்லாத சந்தை

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அலுவலகத்தில் பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் மேசையில் தூக்கிப் போட்டார்கள். ஊரில் தங்க இடமில்லை. தன் சாதியை மறைத்து, பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்கினார். 11-ஆம் நாள் தடியோடு வந்த பார்சிக் கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்த மனிதர், பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

பம்பாயில் பிழைப்புக்கு வழி தேட வேண்டும். மனைவி ரமாபாயோடு குடும்பம் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில், சின்ன அறைகளில் இருந்தது. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு எழுதினார். பங்குச் சந்தையில் பணம் போடுவோருக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள், ஆலோசனை கேட்டார்கள். ஆலோசனை சொல்பவர் மகார் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. தொழிலை மூடிவிட்டார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பொருளாதார வகுப்பின் முதல் சில நாட்களிலேயே சந்தை பற்றிச் சொல்வார்கள். வாங்குபவர் ஒரு பக்கம், விற்பவர் ஒரு பக்கம்; யார் நல்ல பொருளைச் சரியான விலைக்குக் கொடுக்கிறாரோ அவரிடம் ஆள் போகும் என்பார்கள். பம்பாயில் அன்று பங்கு பற்றி ஆலோசனை சொல்ல அம்பேத்கரைவிடப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தும் அவருடைய சரக்கு விலைபோகவில்லை. சந்தைக்குள் நுழையும் முன்பே சாதி வாசலில் நின்று ஆள் பார்க்கிறது. பாடநூலில் வராத இந்த வரியை அவர் சொந்த வாழ்வில் படித்துவிட்டுத்தான் வகுப்பறைக்குப் போனார்.

வகுப்பறையில் மரியாதை, ஓய்வறையில் தீட்டு

சிடன்ஹாம் கல்லூரி 1913-ல் தொடங்கப்பட்ட வணிகவியல் கல்லூரி. அங்கே பொருளாதாரப் பேராசிரியர் வேலை காலியாக இருப்பது தெரிந்து அம்பேத்கர் விண்ணப்பித்தார். பம்பாய் மாகாணத்தின் முன்னாள் கவர்னர் சிடன்ஹாம் பிரபுவை லண்டனில் அவருக்குத் தெரியும். அந்த அறிமுகமும் உதவியது. 1918 நவம்பரில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அப்போது அவருக்கு வயது 27. அந்நாளில் இந்தப் பாடத்துக்கு அரசியல் பொருளாதாரம் என்று பெயர்.

முதலில் மாணவர்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. ஒரு தீண்டாதவர் நமக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்ற எண்ணம். அவர் கோபப்படவில்லை; ஒவ்வொரு வகுப்புக்கும் நிறையப் படித்துத் தயார் செய்துகொண்டு போனார். சில வாரங்களில் நிலைமை மாறியது. வகுப்பு நிறைந்தது. வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி கேட்டு வந்து அவருடைய விரிவுரையைக் கேட்டார்கள்.

அதே கல்லூரியில் பேராசிரியர்களுக்கென்று ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அதிலிருந்து அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த சில பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். பள்ளியில் பியூன் வந்து குழாயைத் திறக்கும்வரை காத்திருந்த அதே தாகம், பேராசிரியர் ஆன பிறகும் அவரைத் துரத்தி வந்தது. மாணவர்கள் மனம் மாறினார்கள். உடன் இருந்த படித்தவர்கள் மாறவில்லை. படிப்பு தன்னால் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பானையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலம் சின்னது என்பதா நோய்?

அவர் வகுப்பில் எப்படி யோசிக்கச் சொல்லித் தந்திருப்பார் என்பதை, அதே 1918-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து நாம் ஓரளவு உணரலாம். இந்தியாவின் சிறு நிலங்களும் அவற்றுக்கான பரிகாரமும் பற்றியது அது. இந்தியப் பொருளாதாரச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. கிராமத்து வாசகர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

அன்றைய அறிஞர்கள் பலரும் சொன்னது இது: இந்திய விவசாயி ஏழையாக இருக்கக் காரணம் நிலம் துண்டு துண்டாகக் கிடப்பது. அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்கிறார்கள்; அவர்கள் பிள்ளைகள் மேலும் பிரிக்கிறார்கள். ஆகவே சிதறிய துண்டுகளை ஒன்று சேர்க்க வேண்டும். சட்டம் போட்டு மேலும் பிரிக்காமல் தடுக்க வேண்டும்.

அம்பேத்கர் வேறொரு கேள்வி கேட்டார். நிலம் சின்னதா பெரியதா என்பதை எதை வைத்துச் சொல்வது? நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். இருவருக்கும் ஆளுக்கு ஐந்து ஏக்கர். ஒருவரிடம் கிணறு, மாடு, ஏர், விதைக்கும் உரத்துக்கும் பணம் எல்லாம் இருக்கிறது. இன்னொருவரிடம் இரண்டு கையைத் தவிர ஒன்றுமில்லை. முதலாமவருக்கு ஐந்து ஏக்கர் போதாது. இரண்டாமவருக்கு ஐந்தே அதிகம். நிலத்தின் அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிலம், உழைப்பு, மூலதனம் ஆகியவை ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் சேர்கின்றன என்பதே முக்கியம். நம் பிள்ளைகள் முதலாண்டில் உற்பத்திக் காரணிகள் என்று மனப்பாடம் செய்யும் பாடம்தான் இது. அதை அவர் ஏழை விவசாயியின் வயலில் இறக்கிக் காட்டினார்.

அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய விஷயம். நிலத்தை நம்பி அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். வேறு வேலை இல்லாததால் எல்லோரும் அதே வயலைச் சுற்றி நிற்கிறார்கள். பணம் சும்மா கிடந்தால் வட்டி வராது, அவ்வளவுதான், அதற்குப் பசிக்காது. உழைப்பாளி சும்மா இருந்தாலும் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே வேலையில்லாத கைகள் நாட்டையே தின்னும். இதற்கு மருந்து, நிலத்தைச் சட்டத்தால் ஒட்டவைப்பது மட்டும் அல்ல. தொழில்கள் பெருக வேண்டும், வயலில் தேங்கி நிற்கும் ஆட்களுக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும். அப்படி நடந்தால் விவசாயமும் தானே நிமிரும் என்பது அவர் முடிவு.

இந்தக் கட்டுரையில் அவர் சாதியைப் பற்றி வாதம் செய்யவில்லை. ஆனால் நிலமற்ற சேரி மக்களுக்கு இதன் பொருள் தெளிவானது. ஊரில் நிலம் இல்லை, வேறு தொழில் செய்ய அனுமதியும் இல்லை என்றால், கூலி என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பின்னாளில் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று 1936-ல் அவர் எழுதியபோது, அதன் பின்னால் இந்தப் பொருளாதார ஆசிரியர் நின்றார்.

சம்பளம் எதற்குப் போனது?

450 ரூபாய் அந்நாளில் நல்ல சம்பளம். அந்தக் குடும்பம் வசதியான வீட்டுக்குக் குடிபோகவில்லை. லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் சேமித்தார். குடும்பச் செலவுக்கு ஒரு பங்கு ரமாபாய் கைக்குப் போனது. அந்த அம்மையார் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். பாபாசாகேபின் பட்டங்களை எண்ணும்போது ரமாபாயின் இந்தக் கணக்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கல்லூரி வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. 1919 ஜனவரியில் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்து, தீண்டாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டார். 1920 ஜனவரி 31-ல் மூக்நாயக் இதழ் பிறந்தது. ஊமைகளின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் என்பதால் ஆசிரியர் என்று அம்பேத்கரின் பெயரைப் போட முடியவில்லை; வேறொருவர் பெயரில் இதழ் வந்தது. இதழ் வருகிறது என்று கேசரி பத்திரிகையில் விளம்பரம் போடக் கேட்டார்கள். காசு தருகிறோம் என்றும் சொன்னார்கள். கேசரி மறுத்துவிட்டது. காசு எல்லோர் கையிலும் ஒன்றுதான் என்று பாடநூல் சொல்கிறது. யார் கையிலிருந்து வருகிறது என்று ஊர் பார்க்கிறது.

1920 மார்ச்சில் பேராசிரியர் வேலையை விட்டார். அதே மாதம் மாண்காவ் மாநாட்டில் சாகு மகாராஜ் அவரை மக்களுக்குத் தலைவராக அடையாளம் காட்டினார். சேமிப்பு, சாகு மகாராஜின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றோடு ஜூலையில் லண்டன் புறப்பட்டார். பத்தேனா கொலம்பியா காலத்து நண்பர், அவரும் பார்சிதான். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள், கடன் கொடுத்துப் படிக்க அனுப்பியவரும் பார்சி. பாபாசாகேப் மனிதர்களைக் கூட்டமாகத் தள்ளிவிடாமல் ஆள் ஆளாகப் பார்த்தவர்.

ரூபாயைப் பற்றிக் கேட்டவர்

லண்டனில் 1921-ல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்து ரூபாயின் சிக்கல் என்ற ஆய்வை எழுதினார். தேர்வாளர்களுக்கு அதன் கடுமை பிடிக்கவில்லை, திருத்தச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்து, 1923-ல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். தம் முடிவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டே டி.எஸ்சி. பட்டமும் வந்தது, புத்தகமும் வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் சில முடிவுகளை ஏற்கவில்லை என்று அதிலேயே சொன்னார். அந்தப் புத்தகத்தை அம்பேத்கர் தம் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார்.

ரூபாயைப் பற்றிய ஆய்வுக்கும் சேரிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. வெள்ளைக்கார அரசு தன் வசதிப்படி ரூபாயை வெளியிட்டது. உலகம் அறிந்த பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அந்த முறையை ஆதரித்திருந்தார். அம்பேத்கர் எதிர்த்தார். ரூபாயை வெளியிடும் அதிகாரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றார். ரூபாயின் மதிப்பு விழுந்தால் விலைவாசி ஏறும். விலை ஏறுகிற வேகத்தில் கூலி ஏறாது. இடையில் உள்ள வித்தியாசம் முதலாளிக்கும் வியாபாரிக்கும் லாபமாகப் போகும். கூலிக்காரன் தட்டில் சோறு குறையும். நூறு நாள் வேலையின் கூலியை வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிற எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

1925-ல் இந்திய நாணயம் பற்றி விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் சொன்னார். நாட்டுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1935-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. கொலம்பியாவுக்காகச் செய்த அரசு நிதி ஆய்வு 1925-ல் செலிக்மன் முன்னுரையோடு நூலாக வந்தது. அதைப் பரோடா மன்னருக்குக் காணிக்கை செய்திருந்தார். 1927-ல் கொலம்பியாவின் டாக்டர் பட்டம் முறைப்படி கிடைத்தது.

ஆசிரியர் வேலையை விடாதவர்

வழக்கறிஞர் ஆன பிறகும் அவர் கற்பித்தார். 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். பிறகு அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1935-ல் அதன் முதல்வர். இடையில், 1927 மார்ச் 20-ல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி மக்களோடு தண்ணீர் எடுத்துக் குடித்தார். பேராசிரியர்களின் பானையில் மறுக்கப்பட்ட தண்ணீரை, ஊர்ப் பொதுக்குளத்தில் எல்லோருக்குமாகக் கேட்டார்.

1937-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொங்கண் விவசாயிகளைச் சுரண்டிய கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். 1947-ல் எழுதிய அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில், விவசாய நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப்பண்ணையாக நடக்க வேண்டும் என்றார். 1918-ல் சிறு நிலங்களைப் பற்றிக் கேட்ட கேள்வியை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது சாட்சி.

பம்பாயில் அவர் 1945-ல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம், 1946-ல் சித்தார்த்தா கல்லூரியை நிறுவியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்காக அங்கே காலை நேர வகுப்புகள் நடந்தன. 1953-ல் வணிகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் என்றே சித்தார்த்தா பெயரில் இன்னொரு கல்லூரி வந்தது. சிடன்ஹாமில் பானையைத் தொட முடியாமல் கற்பித்த பாடத்தை, நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து படிக்க ஓர் இடம் கட்டிக் கொடுத்தார். 1956 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார்.

மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் வகுப்பில் தேவை, அளிப்பு, கூலி, நிலம், பணம் என்று பாடம் நடக்கும்போது, அது நகரத்துக்காரர்களின் பேச்சு என்று ஒதுங்கி உட்காராதீர்கள். உங்கள் தெருவில் நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் தீர்மானிக்கிறார்கள், டீக்கடை போட்டால் யார் வந்து குடிக்கிறார்கள், வங்கிக் கடன் யாருக்குக் கிடைக்கிறது என்று எழுந்து கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அம்பேத்கரின் எழுத்துகள் தமிழில் தொகுதி தொகுதியாக வந்திருக்கின்றன. கல்லூரி நூலகத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சிறு நிலங்கள் பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அனுபவம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.